பெயரைக் கடைசியில் படியுங்கள்: உற்பத்தி நின்ற எலெக்ட்ரிக் கிட்டாரை அடையாளம் காணும் வழி

என் மேசைக்கு வரும் எந்த எலெக்ட்ரிக் கிட்டாரையும் முதலில் குப்புறக் கவிழ்த்துத்தான் வைப்பேன். அடியில் பழைய கம்பளி விரித்திருக்கும், கீறல் விழாது. ஆனாலும் கொண்டுவந்தவரின் முகம் சற்றே சுருங்கும். அவர் காட்ட நினைப்பது தலையில் பொறித்திருக்கும் பெயரை, நான் பார்ப்பதோ முதுகை. பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்றாலும், பழுதைவிட அதிகமாக வருவது "இது என்ன மாடல், எந்த வருடத்தியது?" என்ற கேள்விதான்.

அண்மையில் வந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவர், மாமா விட்டுச்சென்றது என்று ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார். தலையில் கிப்சன் என்ற நிறுவனத்தின் பெயர். உடல் அந்த நிறுவனத்தின் லெஸ் பால் மாடல் போல ஒரு பக்கம் மட்டும் வெட்டியது. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான டிரஸ் ராடை மூடும், மாடல் பெயர் இருந்திருக்கக்கூடிய மூடி தொலைந்துபோய், திருகு ஓட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"சார், இதைப் போலி என்று சொல்லிவிட்டார்கள். கிப்சன் என்றால் கழுத்தை ஒட்டியிருப்பார்களாம். இதில் திருகு இருக்கிறது" என்றார்.

"போலியா இல்லையா என்பது அப்புறம் தம்பி. முதலில் இது என்னவென்று பார்ப்போம்" என்று சொல்லிக் கவிழ்த்தேன்.

நான் பின்பற்றும் முறை ஒன்றே ஒன்றுதான். எதை மாற்றுவது கடினமோ அதை முதலில் பார்ப்பேன், எதை மாற்றுவது சுலபமோ அதைக் கடைசியில். தலையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம். ஐந்து நிமிட வேலை. குமிழ்கள், முன்பக்கத் தகடான பிக்கார்ட், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், தந்தியை முறுக்கும் டியூனர் எல்லாம் திருகு முடுக்கி இருந்தால் மாறிவிடும். தந்தியின் நீளம், மரத்தில் குடைந்த குழிகள், கழுத்தும் உடலும் சேரும் விதம் ஆகியவற்றை மாற்ற வேண்டுமானால் தச்சு வேலை வேண்டும். தச்சு வேலை தடயம் விடும்.

முதலில் அளவுகோல்

எஃகு அளவுகோலை எடுத்து, தலைக்கு அடியில் தந்திகளைத் தாங்கும் நட்டின் உள்விளிம்பிலிருந்து, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களில் 12-ஆவதின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல் எனப்படும் தந்தி நீளம். உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை நேராக அளக்காதீர்கள். சுருதி சேர்வதற்காக அங்கே ஒவ்வொரு தந்தியின் தாங்கியையும் முன்னும் பின்னும் நகர்த்தியிருப்பார்கள், கணக்கு தவறும். 12-ஆவது ஃப்ரெட் வரை சுமார் 324 மி.மீ. வந்தால் 25.5 அங்குல ஸ்கேல். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் வழி. சுமார் 314 வந்தால் கிப்சன் வழக்கமாகச் சொல்லும் 24.75 அங்குலம், ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தாலும் பதற வேண்டாம். 305 வந்தால் 24 அங்குலம். 286 வந்தால் 22.5 அங்குலம், மாணவர்களுக்கென்று செய்த சின்னக் கிட்டார்.

இந்த ஓர் அளவு எத்தனை சண்டையைத் தீர்த்துவைக்கிறது தெரியுமா? ஃபெண்டர் ஜாகுவாரையும் ஜாஸ்மாஸ்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடுப்பு சரிந்த ஒரே சாயல். புகைப்படத்தில் பார்த்துவிட்டு மாற்றிச் சொல்பவர்கள் ஏராளம். 1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டர் 25.5 அங்குலம், 21 ஃப்ரெட். 1962-இல் வந்த ஜாகுவார் 24 அங்குலம், 22 ஃப்ரெட். அளவுகோல் கையில் இல்லையென்றால் பிக்கப்பைப் பாருங்கள். ஜாஸ்மாஸ்டரில் சோப்புக் கட்டி போல அகலமான, தட்டையான பிக்கப். ஜாகுவாரில் ஒடுங்கிய பிக்கப். அதன் இரு பக்கமும் பல் வெட்டிய உலோகத் தகடு கவ்வியிருக்கும். உடலின் மேலும் தனித்தனியாக மூன்று பளபளப்பான தகடுகள். ஜாகுவார் 1975-இல் நின்றது, ஜாஸ்மாஸ்டர் 1980 வாக்கில். இரண்டும் பிற்பாடு மறுபதிப்பாகத் திரும்பி வந்தன. இந்தத் துறையில் 'நின்றுபோனது' என்ற சொல்லை அப்படியே நம்ப முடியாது. ஐபனெஸ் ஆர்ஜி550 1987-இல் வந்து, 1994-இல் நின்று, 2007-இலும் 2018-இலும் மறுபடி எழுந்தது. ஆகவே மாடலைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, எந்தப் பிறவி என்று கண்டுபிடிப்பது மீதி.

மாணவரின் கிட்டாரில் 314 வந்தது. 22 ஃப்ரெட். சரி, கிப்சன் வழிதான்.

திருகா, பசையா, ஊடுருவலா

கழுத்து உடலோடு மூன்று விதமாகச் சேரும். திருகி முடுக்கியது, பசையால் ஒட்டியது, கழுத்து மரமே உடலின் நடுவே வால்வரை ஓடுவது. மூன்றாவதற்கு நல்ல உதாரணம் கிப்சன் ஃபயர்பேர்ட். கார் வடிவமைப்பாளரான ரே டீட்ரிக் வரைந்தது, 1963-இல் வந்தது. நடுமரம் முன்னும் பின்னும் பட்டையாகத் துருத்தித் தெரியும். இரு பக்கமும் இறக்கை ஒட்டியதுபோல் இருக்கும். 1965-இல் அதே பெயரில் உடலைத் தலைகீழாகத் திருப்பி, கழுத்தை ஒட்டி, வேறொரு கிட்டாரையே செய்தார்கள். அது 1969 வரை ஓடியது. எண்களும் குழப்பும். முதல் பிறவியில் 1 என்றால் ஒரு பிக்கப், 3 என்றாலும் 5 என்றாலும் இரண்டு, 7 என்றால் மூன்று. 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் விரல்பலகையில் இருக்கிறது: 3-இல் புள்ளிகள், 5-இல் சரிவகப் பதிப்புகள். இரண்டாம் பிறவியில் 1-க்கே இரண்டு பிக்கப், 3-க்கு மூன்று. எந்தப் பிறவி என்று தெரியாமல் பிக்கப்பை எண்ணி மாடல் சொல்பவர் தவறு செய்யாமல் தப்ப முடியாது.

திருகுகளின் எண்ணிக்கையும் பேசும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முதலில் நான்கு. 1971-இல் மூன்றாகக் குறைத்து, கழுத்தின் சாய்வைச் சரிசெய்யும் வசதியும் வைத்தார்கள். அப்போதுதான் டிரஸ் ராடின் முனை தலையில் தோட்டா போலத் துருத்திக்கொண்டு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் மறுபடி நான்கு. தலை பெருத்தது அதற்கும் முன்பு. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது, அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பெரிய தலை. ஆகவே சிறிய தலையோடு மூன்று திருகைக் கண்டால், இரண்டு கிட்டார்கள் சேர்ந்து ஒன்றாகியிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். சாதாரண டெலிகாஸ்டர் மட்டும் அந்தக் காலம் முழுக்க நான்கு திருகிலேயே நின்றது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாணவருக்குக் கிடைத்த தீர்ப்புக்கு வருகிறேன். கிப்சனில் திருகே இருக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் 1970-களில் அந்த நிறுவனமே திருகிய கழுத்தோடு மராடர், எஸ்-1 என்று இரண்டைச் செய்தது. இரண்டுக்கும் உடல் லெஸ் பால் சாயல், தலை மட்டும் கிப்சனின் இன்னொரு மாடலான ஃப்ளையிங் வி போல முனை கூர்ந்தது. இவற்றோடு குழப்பிக்கொள்ளப்படும் மூன்றாவது உறவினர் 1973-இல் வந்த எல்6-எஸ். அதில் 24 ஃப்ரெட், ஒட்டிய கழுத்து, ஆறு நிலைகளில் சுற்றும் தேர்வுக் குமிழ். திருகைப் பார்த்தவுடன் எல்6-எஸ் கழிந்தது. எஸ்-1 என்றால் மூன்று பிக்கப் இருக்க வேண்டும். இதில் இரண்டுதான். கழுத்துப் பக்கம் ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் சாய்ந்த ஒற்றைச் சுருள். திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். தூசியைத் துடைத்ததும் கண்ணாடி போன்ற தெளிந்த பிசினுக்குள் வார்த்த பிக்கப் தெரிந்தது. பில் லாரன்ஸ் வடிவமைத்த மராடரின் அடையாளம் அது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பிக்கப் திருகில் நிற்பது, மாறக்கூடியது. அதைத் தாங்கும் குழியைப் பார்க்காமல் பேசக் கூடாது.

தகட்டைக் கழற்றினால்

தந்திகளைத் தளர்த்திவிட்டு பிக்கார்டைத் தூக்குங்கள். குழியின் சுவர் தொழிற்சாலை இயந்திரத்தில் வெட்டியதா, உளியால் கொத்தியதா என்பது டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். இயந்திரக் குழியின் மூலைகள் ஒரே வளைவாக இருக்கும். ஓரங்களில் பெயின்ட் வழிந்து உள்ளேயும் படிந்திருக்கும். பிற்காலத்தில் யாரோ வெட்டிய குழியில் வெறும் மரம் பளிச்சென்று தெரியும்.

பிக்கப்பின் எண்ணிக்கையைக்கூட இங்கேதான் உறுதிசெய்ய வேண்டும். ஃபெண்டரின் மாணவர் வரிசையில் நான்கு கிட்டார்கள் கிட்டத்தட்ட ஒரே உடல். கழுத்துப் பக்கம் ஒரே ஒரு பிக்கப் என்றால் மியூசிக்மாஸ்டர். இரண்டு பிக்கப், அசையாத பிரிட்ஜ் என்றால் டுவோ-சோனிக். இரண்டு பிக்கப்போடு, தந்திகளை நெகிழ்த்திச் சுருதியை அசைக்கும் டிரெமலோ என்றால் 1964-இல் வந்த மஸ்டாங். பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஒரு பிக்கப், தனக்கேயான டிரெமலோ என்றால் 1967-இன் பிராங்கோ. யாரோ ஒருவர் இன்னொரு பிக்கப்பைச் சொருகிவிட்டால் மியூசிக்மாஸ்டர் டுவோ-சோனிக் வேடம் போட்டுவிடும்.

இதே குடும்பத்தில் என்னை மிகவும் கவர்ந்த விநோதம் 1969-இல் நடந்தது. விற்காமல் தேங்கிய உதிரிகளை வீணாக்க மனமில்லாமல் ஃபெண்டர் இரண்டு மாடல்களை ஒட்டுப்போட்டது. மியூசிக்மாஸ்டர் கழுத்தைப் பொருத்தி, ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் உடலை வெட்டிச் செய்தது ஸ்விங்கர். தலை ஈட்டி முனை போலக் கூராக இருக்கும், உடலின் அடிப்பக்கத்தில் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு. எலெக்ட்ரிக் 12 என்ற பன்னிரண்டு தந்திக் கிட்டாரின் மிச்சத்தில் செய்தது கஸ்டம், மாவெரிக் என்றும் பெயர் உண்டு. பன்னிரண்டு டியூனருக்காகத் துளைத்த தலையில் ஆறை மட்டும் பொருத்தி, மீதித் துளைகளை அடைத்து, முன்பக்கம் மெல்லிய மரத்தகட்டை ஒட்டி மறைத்தார்கள். அதன் தலையின் பின்புறத்தை ஒளியில் சாய்த்துப் பார்த்தால், அடைத்த துளைகளின் வட்டங்கள் மங்கலாகத் தெரியும். அறியாதவர் "யாரோ சொதப்பியிருக்கிறார்" என்பார். உண்மையில் அந்தச் சொதப்பல்தான் அசல் என்பதற்குச் சான்று!

குழிக்குள், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட் எனப்படும் மின்பாகங்களின் முதுகில் எண் குத்தியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். 1376633 என்றிருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966, 33 என்பது அந்த ஆண்டின் 33-ஆவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். அந்த வாரத்துக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது என்பது மட்டுமே இதன் பொருள். ஃபெண்டர் 1966-இல் பொட்களை மூட்டை மூட்டையாக வாங்கிவைத்து, அடுத்த சில ஆண்டுகள் பயன்படுத்தியது. அதனால் 66 தேதியோடு 1968 கிட்டார் கிடைப்பது சாதாரணம். ஈயப் பற்றையும் பாருங்கள். மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் நல்லது, புதிதாக மினுமினுத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்.

திருகிய கழுத்தைக் கழற்றினால் அடிக்கட்டையில் பென்சிலிலோ மையிலோ தேதி இருக்கலாம். 1960-களின் ஃபெண்டரில் மாதம், ஆண்டு ஆகியவற்றோடு கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் முத்திரையில் இருக்கும். 'பி' என்றிருந்தால் இரண்டாம் தரம் என்று நினைத்து வருந்தியவர்களைக் கண்டிருக்கிறேன். அது தரமல்ல, நட்டின் அகலம். 'பி' என்றால் ஒன்றே ஐந்தெட்டு அங்குலம், அதாவது வழக்கமான அளவு.

எண்களை எப்படிக் கேட்பது

வரிசை எண்ணை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன், நீதிபதியாக அல்ல. இந்தப் பாடம் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவரின் கிப்சனில் ஆறு இலக்க எண்ணைப் பட்டியலில் தேடி, 1960-களின் நடுப்பகுதி என்று தீர்க்கமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் மகிழ்ச்சியோடு போனார். இரவு படுத்த பிறகு கையில் பட்டது நினைவுக்கு வந்தது. தலைக்குக் கீழே, நட்டின் பின்பக்கம், கட்டை விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டிருந்தது. தலை உடையாமல் இருக்க அந்த மேட்டை விட்டது 1960-களின் கடைசியிலிருந்து 1980-களின் தொடக்கம் வரைதான். எண்ணுக்குக் கீழே 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று குத்தியிருந்ததையும் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. அது 1970 வாக்கில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் கிப்சன் ஒரே எண்களைத் திரும்பத் திரும்பக் குத்தியது. மறுநாள் அவரைக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்னேன். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் காதில் இருக்கிறது.

1977-க்குப் பிறகு கிப்சன் ஒழுங்குக்கு வந்தது. எட்டு இலக்கங்களில் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு, இடையில் உள்ள மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றால் 1985-இன் 276-ஆவது நாள், அக்டோபர் 3. கடைசி மூன்று இலக்கம் 500-க்கு மேல் என்றால் நாஷ்வில் ஆலை. கீழே என்றால், 1984-இல் மூடும்வரை, கலமசூ. இதற்கு முந்தைய 1975 முதல் 1977 வரை தலையின் பின்னால் ஒட்டுப்படலத்தில் எண் இருக்கும். 99 என்று தொடங்கினால் 1975, 00 என்றால் 1976, 06 என்றால் 1977.

ஃபெண்டரில் 1976-க்குப் பிறகு எண் தலைக்குப் போனது. எஸ் என்றால் எழுபதுகள், இ எண்பதுகள், என் தொண்ணூறுகள். அடுத்த இலக்கம் ஆண்டு. படலங்களை முன்கூட்டியே அச்சடித்துவைத்ததால் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும். அமெரிக்க மறுபதிப்புகளில் 1982 முதல் வி என்று தொடங்கும். அதே ஆண்டு ஜப்பானில் தொடங்கியவற்றில் ஜேவி. ரிக்கன்பேக்கரில் 1961 முதல் 1986 வரை, கேபிள் சொருகும் தகட்டில் முதலெழுத்து ஆண்டைச் சொல்லும்: ஏ என்றால் 1961, இசட் என்றால் 1986. தகடு திருகில் நிற்பது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1970-களின் பிற்பாதி ஐபனெஸில் ஏ முதல் எல் வரை மாதம், பிறகு ஆண்டு. சி76 என்றால் 1976 மார்ச்.

ஐபனெஸ் என்றதும் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஜப்பானில் செய்த பழைய நகல் எதுவானாலும் 'வழக்குக் கிட்டார்' என்று சொல்லி விற்கிறார்கள். கிப்சனின் அன்றைய தாய் நிறுவனமான நார்லின் 1977-இல் தொடுத்த வழக்கு ஒன்றுதான். அது ஐபனெஸை விற்ற எல்கர் நிறுவனத்தின் மீது, விரித்த புத்தகம் போன்ற தலை வடிவம் பற்றியது. 'வழக்கு' என்று ஒரு மாடல் கிடையாது.

பெயரே பயன்படாத கூட்டமும் உண்டு. ஒரே ஆலை பல வணிகர்களுக்குப் பல பெயரில் செய்துகொடுத்தது. சியர்ஸ் விற்ற சில்வர்டோன்களில் பல டேனலெக்ட்ரோ செய்தவை. மரச்சட்டத்தின் மேல் அழுத்திய நார்ப்பலகை, லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த பிக்கப். விரலால் தட்டினாலே கூடு போன்ற சத்தம் வரும். ஏர்லைன், சுப்ரோ என்ற பெயர்களில் கண்ணாடி நார் உடல் இருந்தால் வால்கோ. கழுத்தில் கை வைத்ததும் ஜில்லென்று இருந்தால் அலுமினியம். தலை கவட்டையாகப் பிளந்து, கழுத்தின் பின்னால் மரப்பட்டைகள் பதித்திருந்தால் கிரேமர். தலையில் 'டி' வடிவத் துளை இருந்தால் 1974-க்கும் 1979-க்கும் இடையிலான டிராவிஸ் பீன்.

படம் மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர்கள் முழுக் கிட்டாரின் அழகான படத்தை விட்டுவிட்டு, நான்கு படங்களைக் கேளுங்கள். தலையின் பின்புறம், கழுத்து சேரும் இடம் பின்னாலிருந்து, பிரிட்ஜ் நேர் மேலிருந்து, நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளவுகோல் வைத்தது. பெயின்ட்டில் சந்தேகம் என்றால் புறஊதா விளக்கில் ஐந்தாவது படம். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பச்சை கலந்து மங்கலாக ஒளிரும், திருத்திய இடம் இருட்டாக விலகி நிற்கும்.

மாணவரின் கிட்டாரில் குழிகள் இயந்திரம் வெட்டியவை, ஓரத்தில் பெயின்ட் படிந்தவை. பிரிட்ஜ் பக்கக் குழி பிக்கப்பின் சாய்வுக்கே சாய்ந்திருந்தது. பொட் தேதி 1975-இன் கடைசி வாரங்கள். தலையின் முனை கூர்ந்திருந்தது, செதுக்கிய தடயமில்லை. பின்னால் எண் 00 என்று தொடங்கியது. 1976. எல்லாம் ஒரே கதையைச் சொன்ன பிறகுதான் கிட்டாரைத் திருப்பி, தலையில் இருந்த பெயரை இருவரும் சேர்ந்து படித்தோம்.

"மராடர்" என்றேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கழுத்தைப் பூட்டும்போது திருகுகளில் ஒன்று மட்டும் வேறு தலையோடு இருப்பதைக் கவனித்தார். "இதை மாற்றிவிடலாமா, சார்?" என்றார். மாமா மாற்றியிருப்பார், இருக்கட்டும் என்று சொல்லி அதையே முடுக்கிக் கொடுத்தேன்.